ஒரே காலையில் நான்கு காலைக் கூட்டங்கள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும்,

போன வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மகேஸ், கவுண்டருக்குப் புதுப் பிள்ளைங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு எதாவது எழுதிக் குடுங்க" என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "நீங்க செஞ்ச தப்ப எழுதுங்க. சரியாச் செஞ்சத அவங்களே கத்துக்குவாங்க" என்றார். என் தப்புகளில் எது என்றும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பூனாகலை" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போய்விட்டார்கள். ஆகவே பூனாகலையையே எழுதுகிறேன்.

நான் இந்தக் கவுண்டரில் நிற்க வந்தபோது ரேடியோ உதிரிப் பாகங்கள்தான் விற்றோம். நான் ஓய்வு பெற்றுப் போகும்போது கண்ணாடி அலமாரி நிறைய போர்டுகள். பதுளை பஸ் நிலையத்தில் இறங்கி நேராக நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடியில் விரலை வைத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல எது நல்லது?"

ஒரு விரல் கம்ப்யூட்டர் போர்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு முழுக் கம்ப்யூட்டரையும் உள்ளங்கை அளவுப் பலகையில் அடக்கியது அது. பாட்டுப் போடும், படம் பார்க்கும், இன்டர்நெட்டுக்குப் போய்வரும். தூங்கி எழுந்திருக்க மட்டும் ஒரு நிமிடம் ஆகும். இன்னொரு விரல் மைக்ரோகண்ட்ரோலரைத் தொடும். அதற்குப் பாட்டும் தெரியாது, படமும் தெரியாது. ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் அதையே செய்துகொண்டிருக்கும். கரண்ட் வந்த அடுத்த கணமே வேலையில் நிற்கும்.

இதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, நீங்களே வாசித்துக்கொள்ளலாம். விரலை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளின் ஊரிலே காற்று எப்படி அடிக்கும் என்று எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்காது.

முதலில் மொனராகலையிலிருந்து வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சோளக்காரர். மயில்கள் வந்து தோட்டத்தை நாசம் பண்ணுகின்றன, அவற்றை விரட்ட ஒன்று வேண்டும் என்றார். நான் சிக்கனமாக யோசித்து ஒரு கண்ட்ரோலரையும், அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சரையும், ஒரு ஹாரனையும் எடுத்துக் கொடுத்தேன். எது அசைந்தாலும் ஹாரன் அடிக்கும். இரண்டு வாரம் கழித்து அதே பையோடு திரும்பி வந்தார். கோபமாகக்கூட இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"அக்கா, இடுப்புல கட்டுற என் சாரம் கொடியில காயுது. காத்துல அது ஆடுது. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் என் சாரத்தப் பாத்து ஹாரன் அடிக்குது. நான் வெளிய வந்தா என்னையும் பாத்து அடிக்குது. மயிலு மட்டும் ஓரமா நின்னு வேடிக்க பாக்குது."

அவருக்கு வேண்டியிருந்தது மயிலை மயில் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒன்று. அதற்குக் கமெராவும் கம்ப்யூட்டர் போர்டும் வேண்டும். மாற்றிக் கொடுத்தோம். அவர் போன பிறகு முதலாளி என்னைப் பார்த்து, "சாரம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த மாதம் முழுக்க, நான் எதை எடுத்துக் கொடுத்தாலும் பின்னாலிருந்து "சாரம்" என்று ஒரு குரல் கேட்கும். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இனிமேல் யார் வந்தாலும் பெரிய போர்டுதான், சின்னதைக் கொடுத்துச் சிரிப்புக்கு ஆளாக மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்திருந்த வாரத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார்.

சனிக்கிழமை, நல்ல மழை. குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்த பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். பாடசாலைக்குத் தானாக அடிக்கிற மணி ஒன்று செய்ய வேண்டும் என்றார். அதுவரை அங்கே ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்களாம்.

"மணி மட்டும் போதுமா டீச்சர்?"

"காலையில பாடசாலைக் கீதமும் போட்டா நல்லாருக்கும்க்கா. அப்புறம் 'முதலாம் பாடம்', 'இடைவேளை'ன்னு சொல்ற மாதிரி." கண்ட்ரோலர் மேல் விரலை வைத்தார். "இது போதுமா? கொஞ்சம் சிக்கனமா முடிச்சா நல்லது."

அந்தக் கண்ட்ரோலரோடு பாட்டுப் போடுகிற ஒரு சின்னத் துண்டையும் நேரம் பார்க்கிற ஒரு சின்னத் துண்டையும் சேர்த்திருந்தால் எல்லாம் ஆகியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் என் காதுக்குள் "சாரம்" ஒலித்தது.

"பாட்டுன்னா பெரிசுதாங்க" என்றேன். "நாளைக்கு வேற எதாவது சேக்கணும்னாலும் இது தாங்கும்."

டீச்சர் நம்பினார். அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. நாம் சொன்னால் நம்புகிறார்கள்.

மூன்று சனிக்கிழமைகள் வந்து, கேட்டுக் கேட்டு, தானே புரோகிராம் எழுதினார். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பேச வைத்து அறிவிப்புகளைப் பதிவு செய்தார். பதிவு செய்த அன்று பிள்ளைக்குச் சளி. "முதலாப் பாடப்" என்று மூக்கடைத்த குரலில் அது கேட்கும்போது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாடசாலைக் கீதம் அங்கே முன்பு தலைமை ஆசிரியராக, அதிபராக இருந்த ஒருவர் இயற்றியது. ஆறு சரணம். ஆறாவது சரணத்தில் பாடசாலையின் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட வாழ்த்து உண்டு. கீதம் ஒலிக்கும்போது யாராக இருந்தாலும், எங்கே இருந்தாலும், கைகளைக் கீழே விட்டு நேராக நிற்க வேண்டும்.

அது வேலை செய்தது. அருமையாக வேலை செய்தது. அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. தண்டவாளத்தைக் கழற்றிக் களஞ்சிய அறையில் போட்டார். போர்டைத் தன் அலுவலகத்து இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை டீச்சரிடம் கொடுத்தார். வருகிற எல்லாரிடமும் சொல்வாராம்: "இது மனுசக் கை படாத சிஸ்டம்."

அந்தப் பாடசாலையில் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றால் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பஸ் ஏறிப் போக முடிந்த பிள்ளைகள் போனார்கள். பெரும்பாலான பெண்பிள்ளைகள் பரீட்சை எழுதியதோடு வீட்டில் நின்றுவிடுவார்கள், இல்லையென்றால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவார்கள். டீச்சரும் அதிபரும் இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டு, உயர்தர விஞ்ஞான வகுப்பு கொடுக்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வருகிற நாள் ஒருவழியாகக் குறிக்கப்பட்டது.

"நீங்களும் வாங்கக்கா, உங்க போர்டு பாடுறதக் கேக்க" என்று டீச்சர் போன் பண்ணினார்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் லீவு கொடுத்து, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். பண்டாரவளையில் காளான் வளர்க்கிற ஒருவர் தண்ணீர் தெளிக்கிற டைமர் செய்ய ஒரு கண்ட்ரோலர், பட்டன் பட்டரி போட்ட ஒரு கடிகாரச் சில்லு, சுவிட்ச் போலப் போட்டு அணைக்க ஒரு ரிலே கேட்டிருந்தார். திரும்பும் வழியில் அவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். நல்ல சேலை கட்டிக்கொண்டு, அந்தப் பொட்டலத்தையும் என் சிறு கருவிகளையும் பையில் போட்டுக்கொண்டு, விடியும் முன்பே பஸ் ஏறினேன்.

ஏழரைக்குக் கீதம் பாடியது. ஆறு சரணமும் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது நான் விற்ற போர்ட்.

எட்டு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு ஆண்கள், அவர்களுக்குத் தலைமையாக ஒரு மேடம். உயரமானவர், சாம்பல் நிறச் சேலை, கையில் ஒரு கோப்பு. சிரிப்பு என்கிற விஷயத்தை அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார் என்பது போன்ற முகம். காற்றும் அவர்களோடு சேர்ந்தே வந்தது. மரக்கிளைகள் மின்கம்பியில் உரச, எட்டுப் பத்துக்குக் கரண்ட் போய் உடனே வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

மேடம் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் நடந்துகொண்டிருந்தபோது, எட்டு இருபத்துநாலுக்கு, ஸ்பீக்கர் கரகரவென்று தொண்டையைச் செருமியது. பாடசாலைக் கீதம் தொடங்கியது.

எல்லாரும் நின்றோம். மேடமும் நின்றார். நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். ஆறு சரணம் முடிந்ததும் அதிபர் சட்டென்று, "உங்கள வரவேற்கிறதுக்காகத் திரும்ப ஒருமுறை போட்டோம் மேடம்" என்றார். மேடம் தலையசைத்தார். பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. நானும் அதிபரின் ஏற்பாடு என்றே நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து, மூக்கடைத்த குரல் "முதலாப் பாடப்" என்றது. சித்திர ஆசிரியர் இரண்டாம் பாடத்தின் நடுவில் இருந்தார். பாவம், நல்ல மனிதர். சாமான்களை அள்ளிக்கொண்டு முதலாம் பாடத்து வகுப்புக்குத் திரும்பிப் போனார்.

எட்டு ஐம்பதுக்குக் கரண்ட் மறுபடியும் கண் சிமிட்டியது.

அதன் பிறகு அதிகாரிகளுக்கு அலுவலகத்தில் தேநீர் வைத்தார்கள். உளுந்து வடை, வாழைப்பழம், பால் டீ. மேடம் ஒரு வடையை எடுத்துக் கடிக்கப் போன நேரத்தில், அவர் தலைக்கு நேர் மேலே, கீதம் தொடங்கியது. மணி ஒன்பது நாலு. எழுந்து நின்றார். வடை கையிலேயே இருந்தது. கைகளைக் கீழே விட வேண்டும், வடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடையோரம் சேலையில் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஆறு சரணமும் நின்றார். பக்கத்தில் நின்ற அதிகாரி வடையை வாய்க்குள் போட்டுவிட்டிருந்தார். மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், கன்னம் புடைக்க நின்றார். தண்ணீர்த் தொட்டியை வாழ்த்தும்போது அவருடைய கண்களில் நீர் வந்துவிட்டது.

அதிபர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டுப் பத்துக்குக் கரண்ட் போய் வந்தது, எட்டு இருபத்துநாலுக்குக் கீதம். எட்டு ஐம்பதுக்குக் கரண்ட், ஒன்பது நாலுக்குக் கீதம். இரண்டுமே பதினான்கு நிமிடம். அந்தக் கம்ப்யூட்டர் போர்டில் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. எழுந்திருக்கும்போது இன்டர்நெட்டில் நேரம் கேட்டுக்கொள்ளும். தினமும் காலையில் டீச்சர் தன் போனைப் பக்கத்தில் வைத்து அதற்கு இன்டர்நெட் கொடுப்பார். அன்று மேடம் முன்னால் பாடம் நடத்தவேண்டியிருந்ததால், காலைக் கீதம் முடிந்ததும் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். கேட்க ஆளில்லாத போர்ட், தான் கடைசியாக எழுதி வைத்த நேரத்தையே நம்பும். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் அதற்குப் பொழுது விடிந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போர்டோடு வந்த தாளில் வாசித்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் இது என்ன செய்ய வேண்டும் என்று டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அது நினைவுக்கு வந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் ரோசத்தைத்தான் விற்றேன்.

ஒன்பது இருபதுக்கு மேடமும் மற்ற இருவரும் ஸ்டெல்லா டீச்சரின் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பாடத்தில்தான் எல்லாம் இருந்தது. டீச்சர் ப்ரொஜெக்டர் வைத்துக் காட்டிப் படிப்பிக்கிறார். அவர் பாடத்தைத் தொடங்கியதும் "முதலாப் பாடப்" கேட்டது. சித்திர ஆசிரியர் இரண்டாவது தடவையாகச் சாமான்களை அள்ளிக்கொண்டு விறாந்தையில் போனார். ஒன்பது முப்பதுக்குக் கரண்ட் போய் வந்தது.

அதிபர் என் முழங்கையைப் பிடித்தார்.

"மெயின் சுவிட்ச இழுத்துடவாம்மா?"

"இழுத்தா டீச்சரோட ப்ரொஜெக்டரும் போயிரும் சார்."

"அலமாரிய உடைப்போமா?"

"சத்தம் கேக்கும் சார். சாவி டீச்சர்கிட்ட இருக்கு. நடுப் பாடத்துல எப்படிப் போய்க் கேக்கிறது?"

"அப்ப ஸ்பீக்கர் வயர வெட்டிருங்க. மேடம் கேட்டா, பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை பாத்தோம், முடிஞ்சிருச்சின்னு சொல்லிக்கிறேன்."

வயர் விறாந்தைக் கூரையோரமாகப் போனது. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, நல்ல சேலையோடு அதன் மேல் ஏறி, பையிலிருந்து கட்டரை எடுத்தேன். வயர் கட்டரின் வாய்க்குள் இருந்தது. இறுக்கினால் முடிந்தது.

பிள்ளைகளே, அந்தப் பெஞ்சின் மேல் நான் நின்றது அரை நிமிடம்கூட இருக்காது. வெட்டினால் கீதம் வராது. இடைவேளை மணியும் வராது. மணி ஏன் அடிக்கவில்லை என்று மேடம் கேட்பார். அதிபர் இன்னொரு பொய்யை யோசிக்க வேண்டும். அதற்கு மேலே கேட்டால், இதைச் செய்தது யார் என்று கேட்பார்கள். டீச்சர் எழுந்து நிற்பார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறிவிடலாம். அந்தப் பெண் அங்கேயே இருக்க வேண்டும். எனக்கு அது ஒப்பவில்லை. கட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கினேன்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் அதிபர்.

"சொல்லப் போறேன் சார்."

அவர் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அவரிடம் மிச்சமில்லை என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு வாசலில் நின்றேன். டீச்சர் பேச்சை நிறுத்தினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேடம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"பதுளையில இருந்து வந்திருக்கேங்க மேடம். அந்தப் பாட்டுப் போடுற போர்ட வித்தவ."

வகுப்பில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. நான் விடாமல் சொன்னேன். "நீங்க வந்த பொறகு ரெண்டு தடவ பாடினது வரவேற்புக்கு இல்லீங்க. அதுக்கு மணி தெரியல. கரண்ட் போய் வந்தா காலையாயிருச்சின்னு நினைச்சுக்குது. டீச்சர் மேல தப்பு இல்ல. இந்த வேலைக்கு எத எடுக்கணும்னு அவங்க என்கிட்ட கேட்டாங்க. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பவும் பாடும். மன்னிச்சிருங்க."

மேடம் கோப்பை மூடினார். டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இது உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்டெல்லா டீச்சரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ப்ரொஜெக்டரை அணைத்தார். சோக்குக் கட்டியை எடுத்தார்.

"இப்பத்தான் எனக்கும் புரியுது மேடம். பிள்ளைங்க கூடச் சேந்து யோசிச்சுப் பாக்கட்டுமா?" பதிலுக்குக் காத்திருக்காமல் பிள்ளைகளைப் பார்த்தார். "அதுல கடிகாரம் இல்ல. மணிக்கு ஒருதடவ நேரத்த எழுதி வச்சுக்கும். கரண்ட் போய் வந்தா, கடைசியா எழுதினதப் பாத்து, இதுதான் இப்ப மணின்னு நம்பும். இன்னிக்குக் கடைசியா எழுதினது ஏழு பதினேழுக்கு. கீதம் எத்தன மணிக்கு?"

"ஏழரைக்கு டீச்சர்."

"எழுந்திருக்க அதுக்கு ஒரு நிமிசம் ஆகும். கரண்ட் கடைசியா எப்ப வந்துச்சி?"

"ஒம்பது முப்பதுக்கு" என்றது மேடத்தின் குரல். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ரொஜெக்டர் நின்னப்போ நான் எழுதி வச்சேன். அப்ப அடுத்தது எப்ப வரும்? யார் சொல்றது?"

பேனாக்கள் தாளில் ஓடின. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை எழுந்தது. "ஒம்பது முப்பது, எழுந்திருக்க ஒண்ணு, அப்புறம் பதிமூணு. ஒம்பது நாப்பத்துநாலு மேடம்."

"அதுக்குள்ள கரண்ட் திரும்பவும் போய் வந்தா?"

"அப்ப திரும்பவும் முதல்ல இருந்து எண்ணணும் மேடம். கரண்ட் போய்க்கிட்டே இருந்தா அதுக்கு எட்டு மணியே வராது."

"வராதா?"

"எப்பவும் காலையிலயே இருக்கும் மேடம்."

மேடத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "இப்ப மணி ஒம்பது நாப்பத்தொண்ணு" என்றார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார். "பாப்போம்."

வாழ்க்கையில் எத்தனையோ போர்டுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நிமிடத்தைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. நாற்பது பிள்ளைகளும் மூன்று அதிகாரிகளும் ஒரு கைக்கடிகாரத்தைச் சுற்றி நின்றோம். அதிபர் வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று கூரைத் தகரத்தை ஆட்டியது. கரண்ட் போய்விடக் கூடாது என்று, பாட்டு வரக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும், இப்போது பாட்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

நாற்பத்துமூன்று தாண்டியது. விநாடி முள் ஏறியது. நாற்பத்துநாலு ஆனது. ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டது. இன்னும் சில விநாடிகள் போயின.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

வகுப்பே கூரை பறக்கிற மாதிரிக் கத்தியது. கத்திய வாயை உடனே மூடிக்கொண்டு எல்லாரும் நேராக நின்றார்கள், ஏனென்றால் அது பாடசாலைக் கீதம். முதல் சரணத்தில் பிள்ளைகளின் தோள்கள் குலுங்கின. இரண்டாவதில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வடையை வாயில் அடக்கி நின்ற அதிகாரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் என் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேடம் மட்டும் அசையவில்லை, கல்லாக நின்றார். ஆறாவது சரணம் வந்தது. தண்ணீர்த் தொட்டி என்ற சொல் வந்ததும் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் மாதிரி இருந்தது, ஆனால் தும்மல் இல்லை. பாட்டு முடிந்தபோது அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் கணக்கு படிப்பிச்சவதான்" என்றார், குரல் சரியானதும். "பதினெட்டு வருசம். சரி டீச்சர், வியாதி என்னான்னு கண்டுபிடிச்சாச்சி. மருந்து என்னா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்தேன். காளான்காரரின் பொட்டலத்தைப் பிரித்து, கண்ட்ரோலரையும் பட்டன் பட்டரி போட்ட கடிகாரச் சில்லையும் ரிலேயையும் மேசையில் வைத்தேன். கரண்ட் போனாலும் அந்தச் சில்லு நேரத்தை விடாது. கண்ட்ரோலர் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். மணி அடிப்பது இனி அதன் பொறுப்பு. பெரிய போர்டை எறியத் தேவையில்லை. கண்ட்ரோலர் கேட்டால் அது பாட்டைப் போடட்டும். அது தூக்கத்தில் இருந்தால், கண்ட்ரோலர் மணியை மட்டும் அடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். ஒன்றுக்கு நேரம் தெரியும், இன்னொன்றுக்குப் பாட்டுத் தெரியும். இதைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி டீச்சர் பலகையில் வரைந்தார். அவர் தயாரித்து வைத்திருந்த பாடம் அப்படியே கிடந்தது. இடைவேளைக்கு அதிபரே களஞ்சிய அறையிலிருந்து தண்டவாளத் துண்டைத் தூக்கி வந்து, டை கட்டியபடியே நின்று அடித்தார். மனிதக் கை நன்றாகவே பட்டது.

அதிகாரிகளின் வாகனம் வளைவில் மறைந்ததும் நாங்கள் மூன்று பேரும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். சித்திர ஆசிரியர் வாசலில் தலையை நீட்டி, "சார், இப்ப எத்தனாவது பாடம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. அதிபர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு விலா வலித்து, பண்டாரவளை வரைக்கும் பஸ்ஸில் குனிந்தபடியே போனேன்.

காளான்காரரிடம் வெறுங்கையோடு போய் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு வாரம் கையால் தண்ணீர் தெளிக்கிறேன் என்றார், ஆனால் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவருடைய வேலைக்குக் கண்ட்ரோலரே போதும் என்பதையும், அவருடைய கொட்டிலில் கரண்ட் எப்படி, காற்று எப்படி, பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் அன்றைக்கு நின்று கேட்டுக்கொண்டேன். அதிலிருந்து நான் கேட்காமல் கண்ணாடியைத் திறந்ததில்லை. முதலாளியும் "சாரம்" என்று சொல்வதை விட்டுவிட்டார். "ஒம்பது நாப்பத்துநாலு" என்று சொல்லத் தொடங்கினார்.

மாதங்கள் போயின. கடிதம் வந்ததை டீச்சர் போனில் சொன்னபோது நான் கவுண்டரில் இருந்தேன். உயர்தர வகுப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினோம். முன்னால் நின்ற வாடிக்கையாளர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உயர்தர வகுப்பு தொடங்கிய அன்று டீச்சர் மறுபடியும் பேசினார். பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம். களஞ்சிய அறையை ஒதுக்கித்தான் வகுப்பாக்கியிருந்தார்கள்.

"எத்தன பேரு டீச்சர்?"

"பத்தொம்பது பேருக்கா. பன்னெண்டு பேரு பொம்பளப் பிள்ளைங்க. பக்கத்துத் தோட்டத்துல இருந்தும் வந்திருக்காங்க. பெஞ்சு பத்தல."

"அடுத்த வாரம் வரச் சொல்லலாமே, பெஞ்சு வந்த பொறகு."

"சொல்லிப் பாத்தேங்கக்கா. போகமாட்டேங்கிறாங்க." டீச்சர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "நின்னுக்கிட்டே படிக்கிறோம் டீச்சர், நீங்க ஆரம்பிங்கன்னு சொல்றாங்க."